நேர்கோடும் பரவளைவும்: பல்கலைக்கழகத்து முதலாண்டு மாணவர் சார்புகளை விளங்கிக்கொள்ளுமாறு

கணிதம் என்னும் பாடத்தைப் பற்றி நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம் ஒன்றுண்டு. விடை சரியாயின் விளக்கமுஞ் சரியே என்பது அவ்வெண்ணம். வரலாற்றையோ இலக்கியத்தையோ ஒருவர் மனனஞ்செய்து ஒப்புவித்தல் கூடும், கணிதத்தில் அது கூடாது, ஆதலாற் கணிதத்திற் சிறப்புச் சித்தி பெற்றவர் கணிதத்தை அறிந்தவரே எனப் பெற்றோர் நம்புகின்றனர், ஆசிரியர் பலரும் நம்புகின்றனர், மாணவரும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை எத்துணை உறுதி வாய்ந்தது என்பதைப் பல்கலைக்கழகத்து முதலாண்டு வகுப்பு ஒரு சில கிழமைகளிலேயே காட்டிவிடுகின்றது.

கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர், மூதூர், கிளிவெட்டி முதலான கொட்டியாரப்பற்று ஊர்களிலிருந்து கல்வியின்பொருட்டுக் குடாவைக் கடந்து திருகோணமலை நகருக்கு வருவோர் தொகை என்றும் குறைந்ததில்லை. அவர்களுட் பலர் இன்று கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திற்கும், வந்தாறுமூலைக்கும், யாழ்ப்பாணத்திற்கும், பேராதனைக்கும், மொறட்டுவைக்கும் செல்கின்றனர். செல்வோர் திறமையற்றவரல்லர், போட்டி மிகுந்த பரீட்சையில் வென்று செல்பவர்கள். ஆயினும் முதலாண்டில் அவர்களிற் சிலரை இடறிவிழச் செய்வன உயர்கணிதத்தின் அரிய தேற்றங்கள் அல்ல. பள்ளியிற் பலகாலும் வரைந்து பழகிய நேர்கோடும் பரவளைவுமே என்று கூறின் நம்புவது அரிது. இஃது ஏன் நிகழ்கின்றது என்பதையும், இதனைக் களைதற்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதையும் ஈண்டு ஒருவாறு விளக்க முற்படுவோம்.

மாணவர் கொண்டுவரும் மூலதனம்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் எந்த மாணவரும் நேர்கோட்டு வரைபையும் இருபடிச் சார்பின் வரைபையும் வரையக் கற்றிருப்பர். அட்டவணையை நிரப்புதல், புள்ளிகளைக் குறித்தல், ஒப்பமான வளையியால் இணைத்தல், சமச்சீர் அச்சின் சமன்பாட்டை எழுதுதல் ஆகியன அவர்க்குப் பழக்கமானவை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் பயில்வோர் இருபடிச் சார்பையும் இருபடிச் சமன்பாட்டையும் தனி அலகாகவே கற்கின்றனர். வணிகத்துறை பயின்று முகாமைத்துவம் கற்கச் செல்வோருட் பலரோ சாதாரண தரத்தோடு கணிதத்திற்கு விடைகொடுத்தவர்கள். இரண்டாண்டு உயர்தரக் கல்வியும், பெறுபேறு வெளிவந்த பின் அனுமதி கிடைக்கும்வரையுள்ள காத்திருப்பும் கழிந்து, செலவுச் சார்பு, வருமானச் சார்பு என்னும் பெயர்களில் அதே கோட்டையும் வளையியையும் அவர்கள் மீண்டுஞ் சந்திக்கின்றனர்.

ஆகவே, இரு சாராரிடமும் செய்கைப் பயிற்சி உண்டு. குறைவது, செய்த செய்கை எதனைச் சொல்லுகின்றது என்னும் தெளிவேயாம்.

சார்பு என்பது யாது?

ஒரு கணத்திலுள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் மற்றொரு கணத்திலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் பொருத்திவைக்கும் ஒழுங்கு சார்பு எனப்படும். இவ்வரைவிலக்கணத்திற் சூத்திரம் வேண்டும் என்பது இல்லை. வரைபு அழகாக இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை. ஒன்றன் மாற்றத்தால் மற்றொன்று மாறுதல் வேண்டும் என்பதுகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒன்று, ஒன்றே ஒன்று என்பதே நிபந்தனை.

இந்நிபந்தனையை மாணவர் எவ்வாறு கொள்கின்றனர்? பக்கார், டேவிட் டோல் என்னும் இருவர் இங்கிலாந்திலே நடத்தி 1992 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. பல்கலைக்கழகத்திற் கணிதம் பயிலத் தொடங்கிய மாணவருள் அவர்கள் வினாவியோரில் நான்கில் மூன்று பங்கினர் மாறிலிச் சார்பைச் சார்பே அன்று என்றனர். நான்கில் மூன்று பங்கினர் வட்டத்தைச் சார்பு என்றனர். இரண்டும் பிழை. எப்பெறுமானத்தை இட்டாலும் 4 என்னும் விடையையே தருவது, ஒவ்வொன்றுக்கும் ஒன்றையே தருவதால், சார்பேயாம். வட்டமோ, அதன் குறுக்கே வரையும் நிலைக்குத்துக் கோட்டை இரண்டிடங்களில் வெட்டுவதால், ஒன்றுக்கு இரண்டைத் தருகின்றது, ஆதலின் சார்பாகாது. வரைவிலக்கணம் புத்தகத்தில் இருந்தது. மாணவர் உள்ளத்திலோ பழகிய வடிவங்களே இருந்தன. ஒழுங்கான வடிவமும் பழகிய சமன்பாடும் உடைய வட்டம் சார்பாகத் தோன்றிற்று. மாறி காணப்படாத 4 சார்பல்லாததாகத் தோன்றிற்று.

தமிழில் இவ்விடர்ப்பாடு சற்று மிகுதியாக இருத்தற்குக் காரணமுண்டு. சார்பு என்னுஞ் சொல் ஒன்றையொன்று சார்ந்து நிற்றலைக் குறிப்பது. நல்ல சொல்லே, தொடக்கநிலைக்குப் பெரிதும் உதவுவதே. ஆயினும், எதனையுஞ் சாராது நிற்கும் மாறிலியைச் சார்பு என்று சொல்லும்போது சொல்லின் இயல்பான பொருள் மாணவரைத் தடுக்கின்றது. ஆசிரியர் இதனை முற்கூட்டியே எடுத்துக்காட்டின் தடை நீங்கும்.

இனி, நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ‘ய’ என்பதை இடும் பெறுமானமாகவும் ‘ர’ என்பதைப் பெறும் பெறுமானமாகவும் கொள்வோம்.

நேர்கோடு சொல்லும் செய்தி

கட்டைபறிச்சானிலிருந்து ஒருவர் முச்சக்கர வண்டியில் ஏறுகின்றார். ஏறியவுடன் 100 ரூபா. பின்னர் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 80 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ய கிலோமீற்றருக்குரிய கூலி ர = 80ய + 100 ஆகும். இதன் வரைபு நேர்கோடு. 80 என்பது படித்திறன். 100 என்பது வெட்டுத்துண்டு.

இக்கோட்டின் படித்திறனைக் காண் என்றால் மாணவர் இரு புள்ளிகளை எடுத்து, நிலைக்குத்து வித்தியாசத்தைக் கிடை வித்தியாசத்தால் வகுத்து, 80 என்று விரைந்து கூறுவர். அந்த 80 என்பது 80 என்ன என்று வினவினால் மௌனம் நிலவும். கிலோமீற்றருக்கு 80 ரூபா என்னும் விடை எளிதில் வருவதில்லை. படித்திறன் என்பது கோட்டின் சாய்வு மட்டும் அன்று. ஒன்று ஓரலகு மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறும் என்னும் வீதம் அது. வகையீட்டு நுண்கணிதம் முழுவதும் இவ்வொரு கருத்தின் மேலேயே எழுப்பப்பட்டுள்ளது. இது தெளியாதவர் வகையீட்டு விதிகளைப் பயன்படுத்துவர். ஆனால் எதனைக் கணிக்கின்றோம் என்பதை அறியமாட்டார்.

மற்றுமொரு மயக்கம், நேர்கோட்டுத் தொடர்பை நேர்விகித சமமெனக் கொள்ளுதல். மேற்கூறிய வண்டியில் 2 கிலோமீற்றருக்கு 260 ரூபா. 4 கிலோமீற்றருக்கு எவ்வளவு? இரட்டித்து 520 என்பாரும் உளர். சரியான விடை 420. கோடு உற்பத்திப் புள்ளியூடாகச் சென்றால் மட்டுமே இரட்டிப்புக்கு இரட்டிப்பு என்பது பொருந்தும். வெட்டுத்துண்டு இருக்குமிடத்தில் மாற்றங்கள் விகிதசமமாக இருக்குமேயன்றி முழுப்பெறுமானங்கள் அவ்வாறு இரா.

மூன்றாவது மயக்கம் சொல்லைச் சமன்பாடாக்குவதில் உள்ளது. அமெரிக்காவின் மசாச்சூசெற்சுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளெமென்ற் முதலானோர் 1981 இல் வெளியிட்ட கட்டுரையிற் புகழ்பெற்ற வினா ஒன்று உண்டு. ஒரு பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் தொகையைப் போல் ஆறு மடங்கு மாணவர் உளர். இதனைச் சமன்பாடாக எழுதுக என்பதே வினா. முதலாண்டுப் பொறியியல் மாணவர் 150 பேருள் நூற்றுக்கு 37 பேர் பிழையாக எழுதினர். பிழைவிட்டோருட் பெரும்பாலோர் மாணவர் தொகையையே ஆறாற் பெருக்கிப் பேராசிரியர் தொகைக்குச் சமப்படுத்தினர். அவர்கள் எழுத்தை எண்ணிக்கையைக் குறிக்கும் மாறியாகக் கொள்ளாது, மாணவர் என்னும் பெயரின் சுருக்கமாகக் கொண்டனர். ஒரு பேராசிரியருக்கு எதிரே ஆறு மாணவரை நிறுத்தும் மனப்படத்தை அப்படியே எழுதிவிட்டனர். எழுதியபின் 10 பேராசிரியர், 60 மாணவர் என்று பெறுமானங்களை இட்டுப் பார்த்திருப்பின் அப்பிழை தானே வெளிப்பட்டிருக்கும். பெறுமானத்தை இட்டுச் சோதித்தல் என்னும் இச்சிறு பழக்கம் பல பெரும்பிழைகளுக்கு மருந்தாகும்.

எல்லாம் நேர்கோடே என்னும் மருட்சி

நேர்கோட்டுச் சார்பின் எளிமையே அதன் இடருமாகும். முதலிற் கற்றது ஆழப் பதிந்து, பின்னர் வரும் யாவற்றையும் தன்வழிப்படுத்த முயலும். பக்கம் 10 மீற்றர் கொண்ட சதுரமான காணித்துண்டின் பரப்பு 100 சதுர மீற்றர். பக்கத்தை இரட்டித்தாற் பரப்பும் இரட்டிக்குமென உள்ளம் உடனே சொல்லுகின்றது. உண்மையில் அது 400 சதுர மீற்றராகி நான்கு மடங்காகின்றது. இம்மருட்சி புதியதன்று. கிரேக்க ஞானியாகிய பிளேற்றோ இயற்றிய மேனோ என்னும் உரையாடலிலே, சோக்கிரதர் ஓர் அடிமைச் சிறுவனிடம் இரு மடங்கு பரப்புடைய சதுரத்தின் பக்கத்தை வினவுகின்றார். அவன் முதலிற் பக்கத்தை இரட்டித்தான். பின்னர் ஒன்றரை மடங்காக்கினான். இறுதியில் மூலைவிட்டத்தின்மீது அமையும் சதுரமே விடையென்று கண்டுகொண்டான். இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தும் சிறுவனின் முதல் விடை இன்றும் வகுப்பறைகளில் ஒலித்துக்கொண்டிருக்கின்றது.

நேர்கோட்டையும் பரவளைவையும் வேறுபடுத்தி அறிதற்கு எளிய வழி ஒன்றுண்டு. கோணேசர் கோயில் அமைந்த குன்றின் விளிம்பில், கடல்மட்டத்திற்கு 80 மீற்றர் உயரத்திலுள்ள ஓரிடத்திலிருந்து ஒரு கல் தானே விழுவதாகக் கற்பனை செய்வோம். வளித்தடையை விடுத்து, புவியீர்ப்பு ஆர்முடுகலை அண்ணளவாக 10 எனக் கொண்டால், ய செக்கனில் அது விழும் தூரம் 5ய² மீற்றர். ஒரு செக்கனில் 5, இரண்டில் 20, மூன்றில் 45, நான்கில் 80. அடுத்தடுத்த செக்கன்களில் மட்டும் விழுந்த தூரங்கள் 5, 15, 25, 35. இவை சமமல்ல, ஆகவே இது நேர்கோடன்று. ஆனால் இவ்வித்தியாசங்களின் வித்தியாசம் 10, 10, 10 எனச் சமமாக உள்ளது. சம இடைவெளிகளில் முதல் வித்தியாசம் மாறாதிருப்பது நேர்கோட்டுச் சார்பு. முதல் வித்தியாசம் மாறி, இரண்டாம் வித்தியாசம் மாறாதிருப்பது இருபடிச் சார்பு. முதல் வித்தியாசங்கள் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்னும் ஒற்றையெண் விகிதத்தில் அமைதலைக் கலிலியோ கண்டார். அப்பெரியாரும் 1604 இல் எழுதிய கடிதமொன்றில், விழும் பொருளின் வேகம் அது கடந்த தூரத்துக்கு விகிதசமமென்றே கருதியிருந்தார். வேகம் நேரத்துக்கே விகிதசமம் என்னும் முடிவை 1638 இல் வெளிவந்த தமது நூலில் நிறுவினார். மேதையர்க்கே இத்துணைக் காலம் வேண்டியிருந்த கருத்தினை மாணவர் ஒரு பாடவேளையில் விளங்கிக்கொள்ளவில்லை என்று நாம் வெகுளுதல் தகாது.

அதே கல் கடல்மட்டத்திற்கு மேலே இருக்கும் உயரம் ர = 80 − 5ய². இதன் வரைபு வளைந்து கீழிறங்கும். கல் எவ்வழியே விழுந்தது என்று கேட்டால், வரைபைச் சுட்டி, வளைந்து சென்று விழுந்தது என்பாருண்டு. கல்லோ நேரே நிலைக்குத்தாக விழுந்தது. வரைபின் கிடையச்சு நேரத்தைக் காட்டுகின்றதேயன்றி இடத்தைக் காட்டவில்லை. வரைபைச் சார்பின் விவரமாகக் கொள்ளாது, நிகழ்ச்சியின் ஓவியமாகக் கொள்வதால் விளையும் மயக்கம் இது. பௌதிகவியல் பயில்வோர்க்கு இஃது இடையறாத தொல்லை தருவது.

பரவளைவின் மூன்று முகங்கள்

ஒருவரிடம் 40 மீற்றர் நீளத்துக்குப் போதிய வேலிக்கம்பி உண்டு. அதனாற் செவ்வக வடிவான தோட்டமொன்றை அடைக்க விரும்புகின்றார். அகலம் ய மீற்றராயின் நீளம் 20 − ய மீற்றர்; பரப்பு ர = 20ய − ய². அகலம் 5 ஆயிற் பரப்பு 75. 8 ஆயின் 96. 10 ஆயின் 100. 12 ஆயின் மீண்டும் 96. 15 ஆயின் 75. ஏறி, உச்சியடைந்து, ஏறியவாறே இறங்கும் இவ்வொழுங்கே பரவளைவின் இயல்பு.

இச்சார்பை மூன்று வகையாக எழுதலாம். 20ய − ய² என்பது விரித்த வடிவம். ய(20 − ய) என்பது காரணி வடிவம்; எங்கே பரப்பு இல்லாதொழிகின்றது என்பதை, அஃதாவது 0, 20 என்னும் மூலங்களை அது காட்டுகின்றது. 100 − (ய − 10)² என்பது வர்க்கப் பூர்த்தியாற் பெறும் வடிவம். வர்க்கம் ஒருபோதும் மறையாகாது ஆதலால், 100 இற்கு மேற் பரப்பு இராதென்பதையும், அகலம் 10 ஆகும்போதே அது கிடைக்கும் என்பதையும் அவ்வடிவம் வாய்விட்டுச் சொல்லுகின்றது. சார்பு ஒன்றே, முகங்கள் மூன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் செய்கையை மாணவர் நன்கறிவர். எவ்வினாவுக்கு எம்முகத்தை நோக்குதல் வேண்டும் என்பதை அறிந்தோர் சிலரே.

இஸ்ரவேல் நாட்டில் ஓரிட் சஸ்லாவ்ஸ்கி என்னும் ஆய்வாளர் 800 இற்கு மேற்பட்ட பத்தாம், பதினோராந் தர மாணவரிடையே நடத்திய ஆய்வினை 1997 இல் வெளியிட்டார். இருபடிச் சார்பைக் கற்பதிலுள்ள தடைகளை அவர் வகுத்துக் காட்டினார். அவற்றுட் சிலவற்றை எமது சொந்த உதாரணங்களால் விளக்குவோம்.

முதலாவது, சார்பையும் சமன்பாட்டையும் ஒன்றெனக் கொள்ளுதல். 2ய² − 8ய + 6 = 0 என்னுஞ் சமன்பாட்டை இரண்டால் வகுத்து ய² − 4ய + 3 = 0 என எழுதலாம்; மூலங்கள் 1, 3 என மாறாதிருக்கும். ஆனால் ர = 2ய² − 8ய + 6 என்னுஞ் சார்பை அவ்வாறு வகுத்தால் வேறொரு சார்பே கிடைக்கும். முன்னதன் இழிவுப் பெறுமானம் −2; பின்னதன் இழிவுப் பெறுமானம் −1. இரு பரவளைவுகளும் கிடையச்சை ஒரே இடங்களில் வெட்டினும் இரண்டும் வெவ்வேறானவை. சமன்பாடு தீர்த்துப் பழகிய கை, சார்பையுந் தன்னையறியாமலே வகுத்துவிடுகின்றது.

இரண்டாவது, நேர்கோட்டின் இயல்பைப் பரவளைவின்மேல் ஏற்றுதல். இரு புள்ளிகள் ஒரு கோட்டைத் தீர்மானிக்கும். பரவளைவுக்கு அவை போதா. ய(4 − ய), 2ய(4 − ய), 3ய(4 − ய) என எண்ணற்ற பரவளைவுகள் 0 இலும் 4 இலும் கிடையச்சை வெட்டிச் செல்லும். மூன்றாவது புள்ளியொன்று தந்தாலன்றி அது இன்னதென்று துணிதல் இயலாது.

மூன்றாவது, திரும்பற் புள்ளியின் ஓர் ஆள்கூற்றை மட்டும் நோக்குதல். மேற்கூறிய தோட்டத்தின் மிகப்பெரிய பரப்பு யாது என்றால் 10 என்று விடை எழுதுவோர் உளர். 10 என்பது அகலம், பரப்பு 100. எந்த எண் எவ்வினாவுக்கு விடை என்பதை அலகுடன் எழுதும் பழக்கம் இருப்பின் இப்பிழை நேராது.

நான்காவது, வரையப்பட்ட துண்டே வரைபு முழுவதும் என எண்ணுதல். தாளின் விளிம்பில் வளையி நின்றுவிட்டமையாற் சார்பும் ஆங்கே நின்றுவிட்டதாக மாணவர் கருதுகின்றனர். தோட்டத்தின் விடயத்தில் அகலம் 0 இற்கும் 20 இற்கும் இடைப்படவேண்டும் என்பது உண்மையே. ஆனால் அவ்வெல்லையை விதித்தது வேலியேயன்றித் தாள் அன்று. ஆட்சி என்னுங் கருத்து ஈண்டே பொருள்பெறுகின்றது.

முகாமைத்துவம் பயில்வோர்க்கு உகந்த உதாரணம் ஒன்றையுங் கூறுவோம். தயிர் விற்பவர் ஒருவர் சட்டி 500 ரூபா வீதம் நாளொன்றுக்கு 60 சட்டி விற்கின்றார். விலையை ஒவ்வொரு 10 ரூபாவால் உயர்த்துந்தோறும் ஒரு சட்டி குறைவாக விற்கும் என்று கொள்வோம். ய தடவை உயர்த்தினால் வருமானம் (500 + 10ய)(60 − ய), அஃதாவது 30000 + 100ய − 10ய². ஐந்து தடவை உயர்த்தி 550 ரூபாவுக்கு விற்றால் 30250 ரூபா கிடைக்கும். பத்துத் தடவை உயர்த்தினால் மீண்டும் பழைய 30000 ரூபாவே. அதற்குமேல் உயர்த்தினால் நட்டமே. விலை ஏற ஏற வருமானமும் ஏறும் என்பது நேர்கோட்டுச் சிந்தனை. உச்சி ஒன்று உண்டு என்பது பரவளைவு கற்பிக்கும் பாடம்.

காரணங்கள்

இக்குறைபாடு மாணவரின் மந்தபுத்தியால் விளைவதன்று. கருத்தே அரியது. பாபிலோனியர் ஏறத்தாழ 3800 ஆண்டுகளின் முன்னரே இருபடிக் கணக்குகளைத் தீர்த்துக் களிமண் ஏடுகளில் எழுதிவைத்தனர். பிரமகுப்தர் கி.பி. 628 இல் இருபடிச் சமன்பாட்டுக்குப் பொதுவிதி வகுத்தார். அல்குவாரிசுமி ஒன்பதாம் நூற்றாண்டிலே வர்க்கப் பூர்த்தியை வரைகணிதப் படங்களால் விளக்கினார். ஆயினும் சமன்பாட்டை வளையியோடு இணைத்துக் காணும் வழி டேக்காட்டு 1637 இல் வெளியிட்ட நூலாலேயே பரவிற்று. சார்பு என்னும் பெயர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே லைப்னிற்சால் வழக்குக்கு வந்தது. இன்றைய பொதுவான வரைவிலக்கணத்தை ஒத்த கருத்து 1837 இல் டிரிச்லே எழுதியதிற் காணப்படுகின்றது. சமன்பாட்டைத் தீர்ப்பதற்கும் சார்பைக் காண்பதற்கும் இடையே மனித குலத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சென்றன. எமது மாணவர் அதனைச் சில பாடவேளைகளிற் கடக்கவேண்டியுள்ளது.

அன்னா சபார்ட் என்னும் ஆய்வாளர் 1991 இல் இதனைத் தெளிவுற எடுத்துரைத்தார். ஒரு கணிதக் கருத்து முதலிற் செய்கையாகவே உள்ளத்திற் பதிகின்றது. நெடும்பழக்கத்தின் பின்னரே அது பொருளாக, கையிலெடுத்து நோக்கத்தக்க ஒரு முழுமையாக மாறுகின்றது. ய² − 4ய + 3 என்பது பள்ளி மாணவர்க்கு ஒரு கட்டளை: காரணிப்படுத்து, தீர்த்துவிடு. பல்கலைக்கழக விரிவுரையாளர்க்கோ அஃது ஒரு பொருள்: அதனை இடம்பெயர்க்கலாம், வேறொன்றோடு கூட்டலாம், நேர்மாறு உண்டா என வினவலாம். ஒரே குறியீட்டை இருவரும் நோக்குகின்றனர், காண்பது வேறு.

பரீட்சை முறையும் இதற்குத் துணைபோகின்றது. கடந்தகால வினாத்தாள்களை ஆண்டு முறையாகச் செய்து பழகுவோர், வினாவின் வடிவைக் கண்டே செய்கையைத் தொடங்குகின்றனர். வடிவு மாறினாற் கை நின்றுவிடுகின்றது.

மொழிமாற்றமும் ஒரு காரணம். பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் பயின்றவர், அறிவியற் பீடத்திலும் பொறியியற் பீடத்திலும் ஆங்கிலத்திற் பயிலுகின்றார். படித்திறன் என்பது கிரேடியன்ற் ஆகவும், வெட்டுத்துண்டு என்பது இன்ரசெப்ற் ஆகவும், ஆட்சி என்பது டொமெயின் ஆகவும் ஒரே நாளில் மாறிவிடுகின்றன. வெட்டுத்துண்டு என்றவுடன் அச்சை வெட்டும் இடம் மனக்கண்முன் தோன்றும். புதிய சொல்லுக்கு அத்தகைய உருவம் எதுவுந் தோன்றுவதில்லை. கருத்துத் தமிழில் ஆழப் பதிந்திருந்தாற் சொல் மாறினும் கேடில்லை. கருத்தே பதியாதவிடத்துச் சொல்லும் போனால் எஞ்சுவது செய்கை மட்டுமே.

எமது பகுதிக்கே உரிய காரணமொன்றையும் மறத்தலாகாது. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின், 2006 இல் மூதூர்க் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். சம்பூர்ப் பகுதியைச் சேர்ந்த குடும்பங்கள் பல, கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை ஆகிய இடங்களில் அமைந்த முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. பலர் 2015 இன் பின்னரே தம் மண்ணுக்கு மீண்டனர். வரலாற்றில் ஓர் அதிகாரம் தவறினும் அடுத்ததைப் படித்துவிடலாம். கணிதமோ படிக்கட்டுப் போன்றது. திசைகொண்ட எண்கள் கற்ற ஆண்டிலே பள்ளி கலைந்திருப்பின், அதன்மேல் வரும் அட்சரகணிதமும், அதன்மேல் வரும் வரைபும் ஆட்டங்காண்பன. முகாமிற் பயின்று பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளையின் வெற்றி பெரிது. அவ்வெற்றியின் அடியில் விடுபட்டுப்போன படிகளை இட்டுக்கொடுத்தல் மூத்தோர் கடன்.

செய்யத்தக்கன

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே மாணவர் பல மாதங்கள் வாளாவிருக்கின்றனர். பழைய மாணவர் அக்காலத்தைப் பயன்படுத்தலாம். மேலும் ஒரு மாதிரி வினாத்தாள் அவர்க்கு வேண்டியதில்லை. சிறு குழுக்களாக இருந்து பேசிக் கற்கும் சில வார இறுதி வகுப்புகளே போதும். ஆங்கு நான்கு வகைப் பயிற்சியை வற்புறுத்துவோம். ஒன்று, ஒரு சார்பைத் தந்து அதற்கேற்ற ஊர்க்கதை ஒன்றைக் கூறச் செய்தல். இரண்டு, அட்டவணை, வரைபு, சூத்திரம், சொல் ஆகிய நான்கினுள் ஒன்றைத் தந்து மற்ற மூன்றையும் ஆக்கச் செய்தல். மூன்று, எது சார்பு, எது சார்பன்று என்று காரணங்காட்டி வாதிடச் செய்தல். நான்கு, எவ்விடையையும் அலகுடன் எழுதி, பெறுமானம் இட்டுச் சோதிக்கச் செய்தல்.

கைத்தொலைபேசி வைத்திருக்கும் எம்மாணவரும் ஜியோஜீப்ரா என்னும் செயலியை விலையின்றிப் பெறலாம். அதில் ய² இன் குணகத்தை மெல்ல மாற்றப் பரவளைவு ஒடுங்குவதையும், விரிவதையும், 0 ஆகுங்கால் நேர்கோடாகிவிடுவதையும், மறையாகுங்காற் கவிழ்வதையும் கண்ணாற் காணலாம். தாளிற் பத்துப் புள்ளிகள் குறித்து வரையும் பழக்கத்தை இது நீக்குதல் வேண்டா. அதனோடு சேர்ந்து நிற்பதாகுக.

தமிழ், ஆங்கிலச் சொற்களை அருகருகே நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணமுஞ் சேர்த்த சிறு கைந்நூல் ஒன்றைத் தொகுத்தலும் நன்று. எமது கல்லூரியிலிருந்து சென்று பொறியியலாளராகவும், விரிவுரையாளராகவும், கணக்காளராகவும் விளங்குவோர் பலர். அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தொழிலில் இருபடிச் சார்பு வரும் இடமொன்றைக் கூறினாற் கூட, அந்நூல் பாடப்புத்தகம் தரமுடியாத பயனைத் தரும்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவர் சரியான விடையைக் கூறியபோதும், அஃது எதனைக் குறிக்கின்றது என்று ஒரு வினாவை மேலதிகமாகக் கேட்பீர்களாக. அவ்வொரு வினாவுக்கு இரண்டு நிமிடமே செல்லும். பாடத்திட்டத்தை முடிக்கவேண்டிய அவசரத்தில் அவ்விரண்டு நிமிடமும் அரிதென்பதை நாம் அறிவோம். ஆனால் அவை பள்ளியிற் செலவிடப்படாவிடின், பல்கலைக்கழகத்தில் ஒரு பிள்ளையின் ஓர் ஆண்டு செலவாகின்றது. கொட்டியாரத்து ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதற் பல்கலைக்கழகம் புகுவோர். அவர்கள் இழக்கும் ஓராண்டை அக்குடும்பங்கள் எளிதில் ஈடுசெய்யமாட்டா.

விழாக் காணும் இவ்வேளையிற் கட்டடங்களையும் கேடயங்களையும் எண்ணி மகிழ்தல் இயல்பே. அவற்றோடு, எமது பிள்ளைகள் கற்றதை விளங்கிக் கற்றனரா என்பதையும் எண்ணுவோமாக. அதற்கு வேண்டும் செலவு சிறிது. வேண்டும் பொறுமையோ பெரிது. அப்பொறுமை எமது மூத்த மாணவர்களிடம் உண்டு என்பது எமது உறுதியான நம்பிக்கை.